உங்களுக்குத் தெரியுமா? மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் திரிசூலம். இறங்கிச் சுரங்கப்பாதையில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் சென்னை விமான நிலையம். அங்கிருந்து வான்வழியில் மதுரை சுமார் 415 கி.மீ.; யாழ்ப்பாணத்தின் பலாலியோ சுமார் 355 கி.மீ.தான்! சென்னை, பலாலி விமான நிலையங்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், நேர் வடக்கு தெற்காக இருக்கின்றன.

இந்தத் தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகம் போகும். அப்படியென்றால் முக்கால் மணி நேரம் போதாதா? போதாது. ஓடுதளம்வரை ஊர்ந்து செல்ல, மேலேற, இறங்க என்று நேரம் பிடிக்கும். அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் என்று போடுகிறார்கள்.

1947-லேயே ஏர் சிலோன் விமானம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை வந்தது. பிறகு இலங்கையில் போர் வந்து பல்லாண்டுகள் இந்த வழியை அடைத்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் உறவுகளைப் பார்க்கக் கொழும்பு சுற்றிப் போக வேண்டியிருந்தது பெரிய கொடுமை. 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சேவையை மறுபடி தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

தூரம் குறைவுதான், ஆனாலும் இது வெளிநாட்டுப் பயணம்: பாஸ்போர்ட் கட்டாயம், குடியேற்றச் சோதனைக்கும் நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள்.