தந்தை முடிக்காத நாடகம்

ஆறுமுக நாவலரைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் வண்ணார்பண்ணையிலிருந்தே தொடங்குவர். அங்கே அவர் 1848 இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை, பின்னர் அமைத்த அச்சியந்திரசாலை, பிரசங்கங்கள், கண்டனங்கள் என்று பேச்சு விரியும். இளமைப் பருவமோ இரண்டொரு வாக்கியங்களில் அடங்கிவிடும். அவற்றுள் ஒரு வாக்கியத்திலே நான் பன்முறை தயங்கி நின்றதுண்டு.

நல்லூரிலே 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆந் திகதி பிறந்த ஆறுமுகத்துக்கு ஒன்பதாவது பிராயத்திலே, 1831 இல், தந்தையார் கந்தர் காலமானார். கந்தர் தமிழிலே நாடகம் இயற்ற வல்லவர். அவர் இறந்தபோது ஒரு நாடகம் முற்றுப்பெறாது கிடந்தது. அதனை எடுத்து எழுதி முடித்தவன் அந்தச் சிறுவன்.

இந்நிகழ்ச்சியை நாவலரது இளமை விவேகத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது தவறென்று சொல்லேன். ஆயினும் அங்கே தொழிற்பட்டது விவேகம் மாத்திரந்தானா? தந்தையின் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. குரல் ஓய்ந்துவிட்டது, எழுத்து மட்டும் நடுவழியிலே நிற்கின்றது. அடுத்த அடியைத் தான் எழுதினால் ஐயா இன்னுஞ் சற்று நேரம் உடனிருப்பார் என்று அந்த இளநெஞ்சு எண்ணியிருத்தலாகாதா? இஃது என் ஊகமே. துக்கம் நேர்ந்த வீட்டிலே பெரியோர் அழுதுகொண்டிருக்க, சிறுவன் ஒருவன் யாரும் ஏவாமலே ஏதேனும் ஒரு வேலையைக் கையிலெடுத்துக்கொள்வதை நாம் கண்டதில்லையா?

தந்தையின் இடத்தில் நின்று அடுத்து ஆவன செய்தவர் மூத்த தமையனார். அவரே தம்பியைச் சரவணமுத்துப் புலவரிடமும், பின் சேனாதிராச முதலியாரிடமும் கல்வி பயில அனுப்பிவைத்தார். உத்தியோக வழி அறிந்த குடும்பம் அது, ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. வெஸ்லியன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரின் கீழ் ஆசிரியப் பதவி வாய்த்தது. விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பிலே அவருக்குத் துணைபுரியும் பணியும் வந்தது. தமையன்மார் மனம் நிறைவதற்கு அதுவே போதும். நாவலரோ 1848 இல் அப்பதவியை விட்டு நீங்கினார். இல்லறத்திலும் அவர் புகவில்லை.

ஆயின், தந்தையின் வழியே சென்று அவர் நாடகாசிரியர் ஆனாரா? இல்லை. அவர் கை சென்றது வசனத்துக்கு. பாலர்க்குப் பாலபாடம் எழுதினார். பெரியபுராணத்தை 1852 இல் வசனமாக்கி வெளியிட்டார். எனினும் அவர் ஆயுள் முழுதும் செய்த தொழிலை எண்ணிப் பாருங்கள். முன்னோர் எழுதி வைத்துப் போனவற்றைத் தேடி, பிழை களைந்து, பாடம் ஒப்புநோக்கி, அச்சேற்றிக் கொடுத்தல். ஒன்பது வயதிலே தந்தையின் எழுத்தைப் பற்றிய கை 1879 இல் அவர் மறையும்வரை பிறர் எழுத்தைக் கைவிடவில்லை. தம் தொழிலையே மைந்தரும் தொடரவேண்டுமென்று பிடிவாதம் செய்யும் தந்தையர் சிலரை நான் அறிவேன். கந்தருக்கு அவ்வாறு வற்புறுத்தக் காலம் வாய்க்கவில்லை.

அன்னையார் சிவகாமியைப் பற்றி வரலாறு எழுதினோர் பெரும்பாலும் பெயரளவிலே கூறிச் செல்கின்றனர். எனக்கு அது ஒரு குறையாகவே படுகின்றது. கணவர் குறையாக விட்ட நாடகத்தை மகன் முடித்தபோது, அதை முதலிலே வாசிக்கக் கேட்டவர் அவராகவே இருத்தல் கூடும்.