காரின் மேனிக்கு எந்தக் காப்பு?

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் முற்றத்தில் புத்தம் புதிய கறுப்புக் கார் ஒன்று மந்திரிப்புக்காகக் காத்து நின்றது. செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தேன். துளிகள் பானெட்டின்மேல் விழுந்த மறுகணமே, காரின் உரிமையாளர் தம் கைக்குட்டையை எடுத்து அவசர அவசரமாகத் துடைக்கலானார். பின்னர் தாம் செய்ததை உணர்ந்து நாணி நின்றார். "மன்னிக்க வேண்டும் சாமி. தண்ணீர் காய்ந்தால் புள்ளி விழுந்துவிடும் என்று கடையில் சொன்னார்கள்" என்றார்.

அவர் பதினைந்து ஆண்டுகள் பிறர் காரை ஓட்டிப் பிழைத்தவர். இப்போதுதான் கடன் வாங்கித் தமக்கென ஒரு வாடகைக் கார் எடுத்திருக்கிறார். நாற்பதாண்டுகளுக்கு முன் கார் என்பது மருத்துவருக்கும் மில் முதலாளிக்கும் உரியதாயிருந்தது. இன்று நம் பங்குகளில் எளிய குடும்பங்களும் தவணையில் வாங்குகின்றன. அவரிடம் விற்பனை நிலையத்தார், "செராமிக் பூச்சு பூசிக்கொள்ளுங்கள், வண்ணம் என்றும் புதிதாயிருக்கும்" என்று வற்புறுத்தியிருக்கிறார்கள். அதற்கான தொகையோ அவருடைய மூன்று மாதத் தவணை. "செய்யட்டுமா, வேண்டாமா சாமி?" என்று கேட்டார். எனக்கு உடனே விடை தெரியவில்லை. நம் பங்கில் வண்ணப்பூச்சுப் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அங்கே கேட்டறிந்ததையும், பின்னர்ப் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

காரின் வண்ணம் ஒரே பூச்சன்று. இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் மேடுபள்ளத்தைச் சமனாக்கும் பூச்சு, அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற தெளிந்த பூச்சு என நான்கு அடுக்குகள் உண்டு. நான்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான் கனந்தான். நாம் எழுதும் தாள் ஒன்றின் கனத்தைவிடச் சற்றே மிகுதி. வெயிலையும் உராய்வையும் முதலில் தாங்குவது மேலே உள்ள தெளிந்த பூச்சு. அதன் கனம் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். அது தேய்ந்துவிட்டால் மீண்டும் வளராது. கார் மங்கிவிட்டதென்று அடிக்கடி மெருகு மருந்து போட்டுத் தேய்ப்பவர்கள், தம்மை அறியாமலே அந்த மெல்லிய தோலைத்தான் சீவிக்கொண்டிருக்கிறார்கள்.

காப்புகளில் மிகப் பழையது மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கர்னோபா மெழுகே இதில் பெயர் பெற்றது. நல்ல பளபளப்புத் தரும். நம் வெயிலில் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்கள் நிற்கும். செயற்கை முறையில் செய்யப்படும் 'சீலன்ட்' நான்கைந்து மாதங்கள் தாங்கும். இரண்டையும் வீட்டிலேயே நிழலில் வைத்துப் பூசிவிடலாம்.

செராமிக் பூச்சு என்பது சிலிக்கா சார்ந்த திரவம். அது தெளிந்த பூச்சோடு பிணைந்து கெட்டியாகிறது. நன்றாகப் பூசினால் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். அழுக்கு ஒட்டாது, கழுவுவதும் எளிது. ஆனால் அதன் கனம் ஓரிரு மைக்ரான் அளவே. '9 எச்' கடினம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. லாரிச் சக்கரம் தெறிக்கும் சரளைக்கல்லை அது தடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கல்லைத் தடுப்பது பாலியூரித்தேன் படலம். இதனுடைய மூதாதை, வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளை மணலிலிருந்து காக்க ஒட்டப்பட்டது. இன்று கார்களுக்கு ஒட்டப்படுவது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ளது. விலை மிக மிகுதி. நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடும் காராயின், முன்பகுதிக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளலாம் என்றார் பட்டறைப் பெரியவர்.

ஆனால், எதைப் பூசுவது என்பதற்கு முன் எதிலிருந்து காப்பது என்று கேட்க வேண்டாமா? நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் காருக்கு முதல் பகை, ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர். அந்நீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். செராமிக் பூச்சின்மேல் நீர் முத்து முத்தாகத் திரள்வதால், துடைக்காமல் விட்டால் அங்கும் இப்புள்ளிகள் தெளிவாகவே விழும். ஆகவே நிழலில் கழுவி, கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது பகை காகத்தின் எச்சம். அதிலுள்ள யூரிக் அமிலம் வெயிற்சூட்டில் பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும். எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு, ஊறியபின் எடுத்துவிடலாம். அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது பகை நம் கைதான். மணற்புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்க வேண்டும்; சோப்புநீருக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு வேறொரு வாளி வைத்துக்கொள்வது நலம். பாத்திரம் துலக்கும் சோப்பு பூசிய மெழுகையும் எடுத்துவிடும். இதை அறியாமல் நானே ஒருமுறை, ஆயர் உறுதிபூசுதலுக்கு வருகிறார் என்று, பங்கின் பழைய அம்பாசிடரைச் சலவைத்தூள் போட்டுத் தேய்த்தேன். துணியெல்லாம் காரின் நிறம் ஏறியதுதான் மிச்சம். அந்தக் காரின் உற்பத்தியே 2014-இல் நின்றுபோய்விட்டது. என் கைவேலையின் அடையாளம் மட்டும் அதை விற்கும்வரை நின்றது.

புழுதியோடு உறை போட்டு மூடுவதும் தவறே. கடற்காற்றில் உறை அசையும்போதெல்லாம் மணல் உராயும். உள்ளே ஈரமும் தங்கும்.

இன்னொன்று. நோவா தம் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசினார். நாமோ புறத்தை மட்டுமே பூசிவிட்டு நிம்மதியாயிருக்கிறோம். மேலே பூசும் எந்தக் காப்பும் அடிப்பகுதித் துருவைத் தடுக்காது. கடலோரம் போய் வந்த கார்களின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவுகளின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே இற்றுப்போகும். பழைய காரை விற்கப் போகும்போது வாங்குபவர் குனிந்து பார்ப்பதும் அங்கேதான்.

நல்ல தண்ணீரும் நிழலான இடமும் கைப்பணமும் உடையவர்கள் செராமிக் பூச்சுப் பூசிக்கொள்வதில் குற்றமில்லை. தெருவில் நிறுத்தி, உப்புநீரில் கழுவி, கடனில் ஓட்டுபவருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் போதும் என்பதே பெரியவரின் தீர்ப்பு. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பட்டறையில் மறுபூச்சுச் செய்த காருக்கு மட்டும், பூச்சு நன்றாக உலர ஒரு மாதமாவது பொறுத்து, அதன்பின் எதையும் பூச வேண்டும்.

நம் நண்பர் அப்படியே ஒரு புட்டி சீலன்ட் வாங்கிக்கொண்டார். மிச்சத்தைத் தவணைக்கு ஒதுக்கிவிட்டார். இப்போது பூசைக்கு வரும்போது, காகங்கள் அடையும் புன்னை மரத்தை விட்டுப் பள்ளிச் சுவரின் நிழலில் காரை நிறுத்துகிறார். அன்று கைக்குட்டை இழுத்த மெல்லிய கோடுகள் மாலை வெயிலில் பானெட்டின்மேல் இன்னும் தெரிகின்றன. மெருகிட்டு அவற்றை நீக்கலாமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், அதற்காகத் தோலைச் சீவ வேண்டாம்" என்று பெரியவர் சொல்லிவிட்டார்.