திரைமாந்தரின் விருப்பும் வெறுப்பும்

பசியும் நீர்வேட்கையும் உறக்கமும் எல்லா உயிர்க்கும் பொது. எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதோ ஆளுக்கு ஆள் வேறுபடும். கதையிலும் நாடகத்திலும் மாந்தரைத் தனித்துக் காட்டும் இவ்வேறுபாடு, இன்று கணினி விளையாட்டுகளிலும் இடம்பெறுகிறது. உயிர்பிழைத்தலையே நோக்கமாகக் கொண்ட விளையாட்டுகளில் விருப்பு வெறுப்புக்கு என்ன பணி என்பதை இப்பாடம் விளக்குகிறது.

குளிர்காலம். குண்டுவீச்சில் சிதைந்த நகரத்தின் பாழ்வீடு ஒன்றில் மூவர் ஒளிந்து வாழ்கின்றனர். ஒருவர் நோயுற்றிருக்கிறார். இன்னொருவர் காபி அருந்திப் பழகியவர். சில நாள்களாக மனம் சோர்ந்து கிடக்கிறார். வீட்டில் எஞ்சியிருப்பது சிறிதளவு காபி. கதவைத் தட்டிய வணிகர், அதைப் பெற்றுக்கொண்டு மருந்து தர முன்வருகிறார். காபியைச் சோர்ந்தவர்க்குக் கொடுப்பதா, மருந்துக்கு மாற்றுவதா?

இக்கேள்வி எழுவது ஒரு கணினி விளையாட்டில். விடை சொல்ல வேண்டியவர் அதை விளையாடுபவர். அவருடைய முடிவைப் பொறுத்தே அவ்வீட்டாரின் மறுநாள் அமையும்.

பிழைத்தல் விளையாட்டு

உணவு, நீர், வெப்பம், உறைவிடம் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்து, கதைமாந்தரை உயிரோடு காப்பதே பிழைத்தல் விளையாட்டின் அடிப்படை. பசியும் உடல்நலமும் திரையில் அளவுகோல்களாகத் தோன்றும். நேரம் செல்லச் செல்ல அவை குறையும்; உரியதைக் கொடுத்தால் நிறையும்.

உலகெங்கும் அறியப்பட்ட மைன்கிராஃப்ட் (2011) விளையாட்டில் ரொட்டி, கேரட், சமைத்த இறைச்சி என எதை உண்டாலும் பசி தணியும். எவ்வளவு தணியும் என்பதில்தான் வேறுபாடு. உண்பவர்க்கு அது பிடித்ததா என்னும் கேள்விக்கு அங்கு இடமில்லை. விளையாடுபவரே அவ்வுலகின் ஒரே மனிதராக இருக்கும்போது இது குறையாகத் தோன்றாது. பலரைக் காக்கும் பொறுப்பு வரும்போதோ, அனைவரும் ஒரே அளவுகோலின் படிகளாகத் தோன்றத் தொடங்குவர். ஒருவர் இறந்தாலும், உழைக்கும் கை ஒன்று குறைந்ததாகவே கருதத் தோன்றும். இக்குறையைப் போக்க வடிவமைப்பாளர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று, மாந்தர்க்குத் தனி விருப்பு வெறுப்புகளை அளிப்பதாகும்.

ஒரு பானை, பல நாக்குகள்

கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த கிளெய் நிறுவனம் 2013இல் வெளியிட்ட டோன்ட் ஸ்டார்வ் விளையாட்டின் பெயருக்குப் ‘பட்டினி கிடக்காதே’ என்பது பொருள். பலர் சேர்ந்து விளையாடும் அதன் வடிவம் 2016இல் முழுமை பெற்று வெளிவந்தது. அதில் நாடக நடிகையான விக்ஃப்ரிட் இறைச்சி உணவை மட்டுமே உண்பாள்; நீர்வாழ் இனத்தைச் சேர்ந்த வர்ட் இறைச்சியைத் தொடமாட்டாள். சமையற்கலைஞரான வார்லி பானையில் முறையாகச் சமைத்ததையே உண்பார். ஒரே உணவைத் திரும்பத் திரும்ப உண்டால் அவர் பெறும் நிறைவு குறைந்துகொண்டே போகும். சிலந்தி உருவில் வாழும் சிறுவன் வெப்பருக்குப் பனிக்கூழ் என்றால் விருப்பம்.

இவர்கள் ஒரே முகாமில் தங்கினால், பானையில் எதை இடுவது என்பதே சிக்கலாகிவிடும். ஒருவருடைய நாக்கை மறந்து சமைத்தால் அவர் பட்டினி கிடப்பார். எனவே, சமைக்கும் முன்னர் யார் யார் உண்ண இருக்கின்றனர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. பிறரை நினைக்கச் செய்யும் இந்த வேலையைப் பசியின் அளவுகோல் தனித்துச் செய்ய இயலாது.

ஒரே அறை, இரு மனங்கள்

தொலைதூரக் கோள் ஒன்றில் குடியேறியோரைப் பற்றியது, 2018இல் முழு வடிவம் பெற்ற ரிம்வேர்ல்ட். அதில் ஒவ்வொருவர்க்கும் சில இயல்புகள் உண்டு. பேராசை உடையவர் அழகிய பெரிய அறை கிடைக்காவிட்டால் மனம் வாடுவார். எளிமையை விரும்பும் துறவு மனத்தவரோ, அதே அறையைக் கொடுத்தால் மனம் வாடுவார். மனநிலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், அவர்கள் வேலையைக் கைவிட்டு இலக்கின்றி அலைவர். அல்லது சேமித்த உணவைத் தின்று தீர்ப்பர். ஒருவர் மகிழ்வு மற்றொருவர்க்கு வருத்தமாகலாம் என்பதையும், அவ்வருத்தத்தைப் புறக்கணித்தால் குடியிருப்பு முழுவதும் துன்புறும் என்பதையும் இவ்விளையாட்டு உணர்த்துகிறது.

இதற்கு முன்னோடி, டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் உடன்பிறந்தோர் உருவாக்கி 2006இல் வெளியிட்ட டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ். அதில் வாழும் குறளர் ஒவ்வொருவர்க்கும் பிடித்த கல், உலோகம், விலங்கு, உணவு ஆகியன உண்டு. அருவருக்கும் சிற்றுயிரும் உண்டு. பசுவை அதன் குரலுக்காகவே விரும்பும் குறளரை அங்குக் காணலாம். சில வேளைகளில் ஒருவர் திடீரெனப் படைப்பு வேட்கை கொண்டு, பட்டறை ஒன்றைக் கைப்பற்றி, குறிப்பிட்ட பொருள்களைக் கேட்பார். அவை கிடைத்தால் அரிய கலைப்பொருள் ஒன்று பிறக்கும். கிடைக்காவிட்டால் அவர் சித்தம் கலங்குவார். எண்ணற்ற குறளருள் ஒருவரை விளையாடுபவர் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் இத்தகைய விருப்பங்களாலேயே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகம், 2012இல் முதன்முறையாக 14 கணினி விளையாட்டுகளைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்ப்பதாக அறிவித்தது. அவற்றுள் டுவார்ஃப் ஃபோர்ட்ரஸும் ஒன்று.

போர்க்கால வீடு

தொடக்கத்தில் கண்ட பாழ்வீடு, போலந்தின் வார்சா நகரைச் சேர்ந்த 11 பிட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட திஸ் வார் ஆஃப் மைன் விளையாட்டில் எழக்கூடிய காட்சியாகும். போர் விளையாட்டுகள் பெரும்பாலும் படைவீரரையே காட்டும். இதில் இடம்பெறுவோர் போரில் சிக்கிய பொதுமக்கள். சமையற்காரர், செய்தியாளர், இசைக்கலைஞர், கணக்காசிரியர் எனப் பலர் இதில் உள்ளனர். சிலர்க்குக் காபி வேண்டும். சிலர்க்குப் புகைபிடிக்கும் பழக்கம் உண்டு. அது கிடைக்காவிட்டால் வாடுவர். கிதார் இசை கேட்டுச் சோர்வு நீங்குவோர் உண்டு. கிடைத்த நூலைப் படித்து ஆறுதல் பெறலாம். குளிர் தாங்காவிட்டால் அதையே அடுப்பில் எரிக்கவும் செய்யலாம்.

இவ்விளையாட்டுக்குத் தூண்டுதலாக அமைந்தது, போஸ்னியாவின் தலைநகர் சராயேவோ 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்ட வரலாறு. உணவும் நீரும் மின்சாரமும் அரிதாகிப்போன அக்காலத்திலும் அந்நகரில் இசை நின்றுவிடவில்லை. ரொட்டிக்காக வரிசையில் நின்றோர்மீது எறிகுண்டு விழுந்து பலர் மாண்டபின், வெட்ரான் ஸ்மைலோவிச் என்னும் இசைக்கலைஞர் தெருவில் அமர்ந்து செலோ இசைத்தார். 1993இல் எழுத்தாளர் சூசன் சொன்டாக் அந்நகர நடிகர்களைக் கொண்டு மெழுகுவத்தி ஒளியில் நாடகம் அரங்கேற்றினார்.

மனிதத் தேவைகளை உளவியலறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் படிநிலையாக விளக்கினார். உடலின் தேவைகள் அதில் அடிப்படை. எனினும், அவ்வரிசை இறுகியதன்று என்பதை அவரே குறிப்பிட்டார். பசித்த நேரத்திலும் மனிதர் தமக்குப் பிடித்ததை முற்றிலும் துறப்பதில்லை என்பதற்குச் சராயேவோ சான்றாக நிற்கிறது.

போலந்து மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கான பரிந்துரைப் பட்டியலில் இவ்விளையாட்டு சேர்க்கப்படும் என 2020இல் அந்நாட்டுப் பிரதமர் அறிவித்தார்.

படைப்போர் கருதுவன

இவ்விளையாட்டுகளை ஒப்புநோக்கினால் சில நெறிகள் புலனாகும். முதலாவது, விருப்பத்துக்கு விலை இருத்தல் வேண்டும். காபி எங்கும் மலிந்து கிடந்தால், அதை ஒருவர் விரும்புகிறார் என்பது வெறும் செய்தி. அரிதாக இருந்தால், அதைக் கொடுப்பது ஈகையாகிறது. இரண்டாவது, விருப்பங்கள் ஒன்றோடொன்று முரண்பட வேண்டும்; அப்போதுதான் தேர்வு பிறக்கும். மூன்றாவது, விருப்பம் குறிப்பேட்டில் எழுதப்படுவதோடு நில்லாமல் செயலில் வெளிப்பட வேண்டும்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. பிடித்த உணவைக் கொடுத்தால் நிறைவு இத்தனை புள்ளிகள் கூடும் என்று அறிந்தவுடன், விளையாடுபவர் மனிதரை மறந்து கணக்கை நினைக்கலாம். அன்பாகத் தொடங்கிய செயல் வேலைவாங்கும் உத்தியாகச் சுருங்கும். மேலும், ஒருவரை ஒரே விருப்பத்தால் அடையாளப்படுத்தினால் அவர் மனிதராகாமல் பெயர்ப்பலகையாகவே நின்றுவிடுவார். நிரலால் எண்ணை மட்டுமே வைத்திருக்க இயலும். அவ்வெண்ணுக்குப் பின்னால் ஒருவரைக் காண்பது விளையாடுபவரின் மனமே.

பாழ்வீட்டின் காபிக்குச் சரியான விடை என ஒன்று இல்லை. மருந்து ஓர் உயிரைக் காக்கலாம்; காபி, வாழ வேண்டும் என்னும் எண்ணத்தைக் காக்கலாம். ஆனால், முடிவெடுக்கும் முன்னர் ‘இவர்க்கு எது பிடிக்கும்?’ என ஒரு நொடி கேட்டுப் பார்த்தவர், திரையில் இருப்பவரை மனிதராக மதித்துவிட்டார். உண்மை வாழ்விலும் வெள்ள முகாமிலும் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் பிறரைக் காப்போர்க்கு உணவின் அளவைப் போலவே இக்கேள்வியும் இன்றியமையாதது.

நம்மை அளவிடுவோம்

குறுவினா: பிழைத்தல் விளையாட்டு என்பது யாது?

சிறுவினா: ‘விருப்பத்துக்கு விலை இருத்தல் வேண்டும்’ – சான்றுடன் விளக்குக.

நெடுவினா: பற்றாக்குறைக் காலத்தில் பிறர் விருப்பத்தை மதிப்பது தேவையா? சராயேவோ நகர நிகழ்வுகளைக் கொண்டு உம் கருத்தை நிறுவுக.