பயந்தால்தான் ஆபத்து! ஸ்பிட்ஃபயர் சொல்லித்தரும் முதல் நாள் பாடம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிற எல்லோருக்கும் ஒரு கனவு இருக்கும். மேற்கூரையைக் கழற்றிவிட்டு, முகத்தில் காற்று அடிக்க, வளைந்து நெளியும் கிராமத்துச் சாலையில் பறக்க வேண்டும்! பிரிட்டனில் அந்தக் கனவை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும் விலையில் தந்த கார், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஆனால், இன்று ஒரு பழைய ஸ்பிட்ஃபயரை வாங்கி, முதன்முதலாக ஸ்டீயரிங் பிடிப்பவருக்குக் கிடைப்பது சந்தோஷம் மட்டுமல்ல. 20 வருஷம் கார் ஓட்டியவராக இருந்தாலும், இதில் மறுபடியும் 'எல்' போர்டுதான்!

ஹெரால்டின் தங்கை

இந்தக் காருக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. 1960-களில் சென்னையில் தயாராகி, தமிழ்நாடு முழுக்க ஓடிய 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதன் மேல் இரண்டு பேர் மட்டும் உட்காரும் உடம்பைப் பொருத்தினால், அதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கேலோட்டி.

ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் பணநெருக்கடியில் சிக்கியதால், மாதிரி காரோடு திட்டம் நின்றுபோனது. 1961-ல் லேலண்ட் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்த புதிய நிர்வாகிகளின் கண்ணில், ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்த அந்த மாதிரி கார் பட்டது. உடனே பச்சைக்கொடி! 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான ஸ்பிட்ஃபயர், 1980 வரை 3 லட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் தயாரானது.

ஏறி உட்கார்ந்தால்...

ஏறுவது என்று சொல்வதே தப்பு. இறங்கித்தான் உட்கார வேண்டும். அவ்வளவு தாழ்வான சீட். பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றால், அதன் சக்கரம்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆரம்பகால மாடல்களில் ஸ்பீடோமீட்டர் உட்பட எல்லா மீட்டர்களும் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும். குளிர்ந்து கிடக்கும் இன்ஜினை எழுப்ப, 'சோக்' குமிழை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

முதல் மாடலின் கியர் பாக்ஸில் நான்கு கியர்கள். முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியருக்கு வர வேண்டும். இல்லையென்றால் பல் நறநறக்கும். முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தாலும், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோ இல்லை. புதிய காரில் பழகிய கால், வழக்கம்போல மெல்ல மிதித்தால் வண்டி நிற்காது. முன்னால் போகும் காரிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போவது நல்லது.

இன்ஜின் 1,147 சி.சி, சக்தி 63 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 96 கி.மீ வேகத்தைத் தொட சுமார் 17 விநாடிகள் ஆகும். இன்றைய சின்ன ஹேட்ச்பேக்கூட இதை முந்திவிடும். ஆனாலும் ஓட்டுபவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. தரையை ஒட்டிய சீட், காதருகே காற்று, காலுக்கு முன்னால் உறுமும் இன்ஜின் எல்லாம் சேர்ந்து, 60 கி.மீ வேகத்தையே 100 போலக் காட்டும். எடை 700 கிலோ சொச்சம்தான் என்பதால், பவர் ஸ்டீயரிங் இல்லாமலே லேசாகத் திரும்பும். மிகக் குறுகிய தெருவில்கூட யு டர்ன் அடிக்கலாம்.

வளைவில் இருக்கிறது வினை

முதல் நாளில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், பின்சக்கரங்களின் அமைப்பு. ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் இருப்பது 'ஸ்விங் ஆக்ஸில்'. ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அரை ஆக்ஸிலோடு சேர்ந்து, கதவு கீலில் ஆடுவதுபோல மேலும் கீழும் ஆடும். பழைய ஹெரால்டை ஜாக்கி வைத்துத் தூக்கிய மெக்கானிக்குகள் இதைப் பார்த்திருப்பார்கள். வண்டியின் பின்பக்கம் உயர்ந்ததும், சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும்.

அதே நிலைமை ஓடும்போது வந்தால்? வளைவில் வேகமாக நுழைந்தவர், நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கிறார். அல்லது பிரேக்கை மிதிக்கிறார். எடை முன்னால் பாய்கிறது, பின்பக்கம் எழும்புகிறது, சக்கரம் உள்ளே மடங்குகிறது. சாலையைப் பிடிக்க டயருக்கு விளிம்பு மட்டுமே மிச்சம். பின்பக்கம் வழுக்கி, கார் சுழன்றுவிடும்.

புதிய கார்களில் பதறிக் காலை எடுத்தாலும் பெரும்பாலும் தப்பிவிடலாம். இதில் அந்தப் பதற்றமே எதிரி. 'வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை. வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரைச் சீராக மிதி' என்பதே ஒரே வழி. 1970-ல் வந்த நான்காவது மாடலில், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி இந்தக் குணத்தைப் பெருமளவு அடக்கினார்கள். எனவே, வாங்கியிருப்பது எந்த மாடல் என்று தெரியாமல் வளைவில் வேகம் காட்டக் கூடாது.

கிளம்பும் முன் கவனிக்க...

* பழைய கார்கள் அதிகம் ஓடுவதில்லை. அதனால் டயரில் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் தயாரிப்பு வாரமும் வருடமும் எண்களாக இருக்கும். அது இல்லையென்றால் டயர் மிகப் பழையது.

* முன்சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள 'ட்ரனியன்' என்ற பாகத்துக்குத் தவறாமல் கியர் ஆயில் விட வேண்டும். வறண்டுபோனால் அந்த இணைப்பு உடைந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடலாம்.

* பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10% வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும். எத்தனால் குறைவான பெட்ரோலே இதற்கு நல்லது.

* 40 வயதைத் தாண்டி, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு, அங்கே ஆண்டுதோறும் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சட்டம் விட்டாலும், வாங்கியவர் விடக் கூடாது. ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுச் சாலையில் இறக்குவதே புத்திசாலித்தனம்.

முதல் நாளில் நெடுஞ்சாலை வேண்டாம். போக்குவரத்துக் குறைந்த விடியற்காலையில், தெரிந்த சாலையில், 20, 30 கி.மீ ஓட்டினால் போதும். திரும்பி வந்து நிறுத்தியதும், முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அந்த முழு பானெட்டைத் தூக்கினால், இன்ஜின் மொத்தமும் கண்முன்னே! முன் டயர் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, எங்கே கசிகிறது, எது சூடாகிறது என்று பார்க்கலாம். பக்கத்தில் பிள்ளைகளையும் நிற்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார் எப்படி ஓடுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் பாடப்புத்தகம் வேறில்லை!