மூணு தடவை அமுக்கினா ஒரு தடவை ஆன் ஆகுற லேப்டாப்

இந்த வாரக் கேள்வி மங்கலம்பேட்டையிலிருந்து. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்துல அக்காவுக்குக் கிடைச்ச லேப்டாப், இப்போ தம்பி கையில. "மூணு தடவை அமுக்கினா ஒரு தடவைதான் ஆன் ஆகுது. கடைசி வருஷ ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான் இருக்கு. விருத்தாசலம் கடைக்குத் தூக்கிட்டுப் போனா, அங்க ஒழுங்கா ஆன் ஆகுது!"

முதல்ல ரிப்பேரை மறந்துடுங்க. அடுத்த தடவை ஆன் ஆனதும் அணைக்காம, ப்ராஜெக்டை பென் டிரைவ்லயும் கூகுள் டிரைவ்லயும் ஏத்திடுங்க. விட்டு விட்டு வர்ற கோளாறு என்னிக்கு முழுசா நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

அப்புறம், அது எந்த இடத்துல நிக்குதுன்னு கவனிங்க.

லைட்டே எரியலையா? மின்சாரப் பிரச்சினை. வேற பிளக் பாயின்ட், அதே வோல்ட் உள்ள வேற சார்ஜர் போட்டுப் பாருங்க. பழைய மாடல்ல பேட்டரியைக் கழட்ட முடியும். சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துட்டு, பவர் பட்டனை 30 வினாடி அமுக்கிப் பிடிங்க. பிறகு சார்ஜரை மட்டும் செருகுங்க. இப்போ தவறாம ஆன் ஆனா, சந்தேகம் பேட்டரி மேல.

லைட் எரியுது, ஃபேன் சுத்துது, திரை மட்டும் கறுப்பா? திரையில டார்ச் அடிங்க. மங்கலா படம் தெரிஞ்சா பேக்லைட் போயிருக்கலாம். ஒண்ணுமே தெரியலன்னா, பேட்டரியை எடுத்துட்டு ரேமைக் கழட்டி, தொடுமுனையைத் துடைச்சு, மறுபடி அழுத்திச் செருகுங்க.

லோகோ வந்து நிக்குதா? பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் அல்லது விண்டோஸ். ரீஸ்டார்ட் பண்ணா வருது, ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணா மட்டும் நிக்குதுன்னா, விண்டோஸ் 8, 10-ல 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திப் பாருங்க. 'டக் டக்'னு சத்தம் வந்தா டிஸ்க் சாகப் போகுதுன்னு அர்த்தம், எஸ்எஸ்டி மாத்திடலாம்.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரேம், சார்ஜர், பேட்டரி மூணையும் ஒரே நாள்ல மாத்தினா, எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது.

இதுல எதுவும் உதவலன்னா, மதர்போர்டுதான். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரங்களுக்கு ஒரு தகவல்: போர்டுல கடுகு சைஸ்ல இருக்கிற கெபாசிட்டர்களும் பீங்கான்தான். ஒண்ணு விரிசல் விட்டு ஷார்ட் ஆனாலே மொத்தமும் நின்னுடலாம். அது வீட்டுல பார்க்கிற வேலை இல்ல.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி, ஆன் ஆகாத ஒவ்வொரு தடவையும் ஃபோன்ல வீடியோ எடுத்து வைங்க. கடையில அது ஒழுங்கா நடந்துகிட்டாலும், வீடியோ உண்மையைச் சொல்லும்.