ஆயில் ஏறுதா? உஷார் சார்!

பக்கத்து சீட் நண்பர் செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய மாருதி 800 வாங்கினார். கார்பரேட்டர் மாடல். பி.எஃப். லோன் போட்டு, மனைவியின் வளையல் ஒன்றையும் 'தற்காலிகமாக' அடகுக்கு அனுப்பி வாங்கிய வண்டி. ஒரு மாசம் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"சார், நம்ம வண்டி ஆயிலே குடிக்கறதில்ல! டிப்ஸ்டிக்ல போன மாசத்தைவிட லெவல் ஏறியிருக்கு!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இன்ஜின் ஆயில் குறையலாம், அப்படியே நிற்கலாம். தானாக ஏறாது. ஏறுகிறது என்றால் வேறு ஏதோ உள்ளே வந்து கலக்கிறது. பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் கலக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரிந்துவிடும். அது இல்லையென்றால் ரேடியேட்டர் தண்ணீர்.

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தறீங்களா?"

"தினம் காலைல ஒரு சொம்பு. வெயில் காலமாச்சே!"

"கீழே எங்கயாவது சொட்டுதா?"

"ஒரு சொட்டு இல்ல சார். தரை பளிங்கு மாதிரி இருக்கு."

சொட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். தினம் ஒரு சொம்பு தண்ணீர் வெளியே போகவில்லை என்றால் எங்கேதான் போகும்?

இன்ஜினில் கீழே பிளாக், மேலே அலுமினிய ஹெட். இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் என்கிற மெல்லிய தகடு. ஆயில் போகிற வழியும் தண்ணீர் போகிற வழியும் அதில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள். ஒரு தடவை நன்றாக ஓவர் ஹீட் ஆனால் போதும், ஹெட் லேசாக வளைந்து கேஸ்கெட் பிடியை விட்டுவிடும். வண்டி ஓடும்போது ஆயில் பிரஷர்தான் அதிகம். அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகும். சாவியைத் திருப்பி நிறுத்தியதும் ஆயில் பிரஷர் பூஜ்யம். ஆனால் சூடான ரேடியேட்டரில் பிரஷர் இன்னும் பாக்கி இருக்கும். இப்போது தண்ணீர் ஆயிலுக்குள் போகும். மேனேஜர் சீட்டில் இருக்கும்வரை ஒரு கோஷ்டி, அவர் கிளம்பியதும் இன்னொரு கோஷ்டி ராஜ்யம் நடத்துவது மாதிரி.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் பால் தூக்கலான காபி நிறத்தில் கிரீம் இருந்தால் சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை! ஊட்டிக் குளிரில் தினம் 2 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் ஆவி படிந்து மூடியில் மட்டும் இப்படிக் கிரீம் வரும். ஒரு நீண்ட டிரைவ் போனால் போய்விடும். இதைப் பார்த்தே ஹெட்டைக் கழற்றச் சொல்லும் ஆசாமிகள் உண்டு. ஏமாறாதீர்கள். டிப்ஸ்டிக்கிலும் அதே காபி என்றால்தான் விஷயம் பெரிது.

வீட்டிலேயே ஒரு சோதனை. பழைய கரண்டியைச் சூடாக்கி ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. (நல்ல கரண்டியை எடுத்தீர்களோ, படபட சத்தம் வேறு திசையிலிருந்து வரும்.) அடுத்து, ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சம்ப் போல்ட்டை மெதுவாக இளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கனம், அடியில் தங்கும். முதலில் தண்ணீர் வந்தால் கேஸ் முடிந்தது. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்க்கலாம். மேலே எண்ணெய் ஆடை மிதக்கும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், ஜாக்கிரதை.

சைலன்ஸரில் வெள்ளைப் புகை இல்லையே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால்தான் அந்தப் புகை. நேராக ஆயிலுக்குப் போனால் புகையே வராது.

நண்பர் வண்டியில் சம்ப் போல்ட்டைத் திறந்ததும் முதலில் துருத்தண்ணி, பின்னாலேயே காபி. 'மெதுவா ஓட்டிட்டே ஷெட்டுக்குப் போயிடறேன்' என்றார். கூடவே கூடாது என்று கட்டி இழுத்துப் போனோம். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. கேஸ்கெட்டோடு முடிகிற செலவு கிராங்க்ஷாஃப்ட் வரை போய்விடும்.

மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி ஸ்டீல் ஸ்கேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்தார். பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் எல்லை. நம்மவருடையது அதைத் தாண்டியிருந்தது. வருஷக்கணக்காக போர் தண்ணி ஊற்றியதில் அலுமினியம் ஓட்டைகளைச் சுற்றி அரித்தும் இருந்தது. லேத்தில் ஃபேஸிங், புது கேஸ்கெட், போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சில் முறுக்கல். புது ஆயில் ஊற்றி, 200 கிலோமீட்டர் ஓடியதும் அதையும் கொட்டிவிட்டு ஃபில்டரோடு மறுபடி புது ஆயில். உள்ளே ஒட்டிய காபி முதல் தடவையில் போகாது.

பேரிங் தப்பித்தது. ரேடியேட்டரில் இப்போது கூலன்ட். டிப்ஸ்டிக்கைத் தினம் காலையில் எடுத்துப் பார்க்கிறார், லெவல் ஏறவில்லை. வளையல்தான் இன்னும் திரும்பி வரவில்லை.