தலைக்கு எந்தத் தொப்பி?

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற நமக்கு இந்தப் பழமொழி நன்றாகவே பொருந்தும். ஆனால் தலைக்கு வருவது தொப்பியோடு போக வேண்டுமானால், தொப்பியும் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டுமல்லவா?

நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டிலேயே தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே தொப்பி இல்லாத வீடு இல்லை. ஆனால் பல வீடுகளில் ஆணியில் தொங்குவது போலீஸுக்குப் பயந்து வாங்கிய தொப்பி. விலை பார்த்தோம், வர்ணம் பார்த்தோம், வாங்கினோம். அது எந்த இடத்தை மூடுகிறது, எந்த இடத்தை விடுகிறது என்று பார்த்தவர்கள் குறைவு.

தொப்பி செய்கிற வேலை

தலை சடக்கில் மோதிச் சட்டென்று நின்றாலும், உள்ளே இருக்கும் மூளை உடனே நிற்பதில்லை. அது மண்டை ஓட்டில் போய் இடிக்கிறது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே இரத்தம் கசிவது இப்படித்தான்.

தொப்பியின் வெளி ஓடு அடியைப் பரவலாக்குகிறது. உள்ளே உள்ள வெள்ளை நுரை, மீன் விற்பவர் ஐஸ் போட்டு வைக்கும் பெட்டியைப் போன்றது, நசுங்கி அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. எனவே விபத்தில் அடிபட்ட தொப்பி பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008-இல் வெளிவந்த முடிவு இது: தலைக்கவசம் மரண அபாயத்தை 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது.

மூன்று வகை

முதல் வகை, சட்டியைக் கவிழ்த்தது போன்ற அரைத்தொப்பி. காதுக்கு மேலேயே நின்றுவிடும். நெற்றிப்பொட்டும் பிடரியும் வெளியே கிடக்கும். காற்று நன்றாக வரும், உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் விழுந்தால் அது உதவாது. இதை வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது, முகம் திறந்த தொப்பி. காதையும் பிடரியையும் மூடும். நம் தோட்டங்களில் அதிகம் பார்ப்பது இதுதான். மூளைக்கு நல்ல காப்பு. ஆனால் மூக்கு, பல், தாடை இவற்றுக்குக் காப்பில்லை. முன்னே இருக்கும் கண்ணாடி தூசியையும் பூச்சியையும் தடுக்கும், சடக்கைத் தடுக்காது.

மூன்றாவது, தாடையையும் சேர்த்து மூடும் முழுமுகத் தொப்பி. மூன்றில் சிறந்தது இதுவே. தாடை முறிந்தவரின் பல்வரிசையைக் கம்பியால் கட்டிவிட்டால் வாரக்கணக்கில் கஞ்சியும் சூப்பும்தான் ஆகாரம். வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்துக்கு சொக்சோ உண்டு. ஆனால் போன பல்லையும், மாறிப்போன முகத்தையும் எந்தப் பணமும் திருப்பித் தராது.

“வேர்க்குதுங்க, காதும் கேக்காது!”

முழுமுகத் தொப்பி என்றதும் பலர் சொல்லும் பதில் இது. வேர்ப்பது உண்மை. காற்றுத் துவாரம் உள்ளதாகவும், உள்துணியைக் கழற்றித் துவைக்கக்கூடியதாகவும் பார்த்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை துவைத்து நன்றாகக் காயவைத்தால் தலையில் அரிப்பும் நாற்றமும் குறையும்.

காது கேளாது, பக்கம் தெரியாது என்பது சரியல்ல. அமெரிக்காவில் பேராசிரியர் ஹேரி ஹர்ட் குழுவினர், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தார்கள். தலைக்கவசத்தால் சாலை ஓசை கேட்காமல் போனதாகவோ பார்வை மறைந்ததாகவோ அவர்கள் காணவில்லை. முகக்காயத்தை முழுமுகத் தொப்பி வெகுவாகக் குறைத்ததையே கண்டார்கள்.

கறுப்புக் கண்ணாடி மட்டும் வேண்டாம். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவருக்குச் செம்பனை ஏற்றிய லாரியும், சடக்கில் கிடக்கும் மட்டையும் அதில் தெரியாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

சிரிம் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு போட்டுப் பாருங்கள். கன்னத்தை இலேசாக அழுத்த வேண்டும். நெற்றி வலிக்கக் கூடாது. தலையை ஆட்டினால் தொப்பி தனியாக ஆடக் கூடாது. வாரைப் பூட்டிக்கொண்டு, பின்பக்கத்தைப் பிடித்து முன்னே தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது.

வார் பூட்டாத தொப்பி, விழும்போது தலைக்கு முன்னே பறந்துவிடும். “கடைத்தெரு வரைக்கும்தானே” என்று வாரைத் தொங்கவிடாதீர்கள். வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உச்சிக் கொண்டையோடு தொப்பி சரியாக உட்காராது. கழுத்தோரம் தாழப் பின்னிப் போடுங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவிலேயே வாங்க வேண்டும். அப்பாவின் தொப்பியை மகனுக்கு மாட்டுவது காப்பாகாது. ஓட்டுகிறவருக்கு நல்ல தொப்பி, பின்னால் இருக்கும் மனைவிக்குப் பழைய சட்டி என்பதும் நியாயமில்லை.

தொப்பியை மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் கொண்டு துடைக்காதீர்கள், ஓடு பலமிழக்கும். சவர்க்காரத் தண்ணீரே போதும். அடிபடாவிட்டாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

விபத்து நடந்துவிட்டால்

விழுந்து கிடப்பவரின் தொப்பியை அவசரப்பட்டு இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் கை கால் விளங்காமல் போகும். மூச்சு சீராக இருந்தால் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு 999-க்குக் கூப்பிடுங்கள். மூச்சில்லை என்றால் மட்டும் ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வாரை அவிழ்த்து மெதுவாகக் கழற்றலாம். எழுந்து நடந்தவருக்கும் வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

இன்று மாலை வீட்டில் தொங்கும் தொப்பிகளை இறக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெடிப்பு விட்டது, வார் அறுந்தது, காதை மூடாதது எதுவானாலும் தள்ளிவிடுங்கள். அடுத்த சம்பளத்தில் முழுமுகத் தொப்பி ஒன்று வாங்குங்கள். கைக்கு எட்டாவிட்டால், வார் சரியாகப் பூட்டும் முகம் திறந்த தொப்பியாவது வாங்குங்கள். காலையில் வேலைக்குப் போகிறவர் மாலையில் முழுசாக வீடு திரும்ப வேண்டும்.